சூடான டயரில் காற்றைத் திறக்காதே

தம்பி,

உன் கையில் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அந்தக் கையை இன்னொரு முறை அந்த வால்வில் பார்த்தால் இன்னொரு முறை அடிப்பேன். முப்பத்து நான்கு வயது ஆம்பளையை, அதுவும் பெண்டாட்டி பிள்ளைக்கு முன்னால், அப்பன் கைநீட்டி அடித்தது தப்புதான். அந்தத் தப்பை வேறொரு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இப்போது அதற்கு நேரமில்லை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை காலை நீ கிளம்புகிறாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் எண்ணைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை. ரோஷக்காரன். அது எங்கிருந்து வந்தது என்று உன் அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். பஞ்சர் கடைக்காரன் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

ஞாயிறு உச்சி வெயிலில் கோயம்புத்தூரிலிருந்து அந்தக் கேரவனை ஓட்டிவந்து வீட்டு முன்னால் நிறுத்தினாய். நாற்பதடி நீளம். தெருவே அடைத்துக்கொண்டது. பழைய பஸ் ஒன்றை வாங்கி அதற்குள் படுக்கை, குளியலறை, கிரானைட் மேடை போட்ட சமையலறை, துணி துவைக்கிற மெஷின் என்று ஒரு வீட்டையே ஏற்றியிருந்தாய். இனியா என் விரலைப் பிடித்து இழுத்துப் போய், "தாத்தா, இது என் பெட்டு, இது என் ஜன்னல்" என்று காட்டினாள். மூன்று மாதம், காஷ்மீர் வரைக்கும், வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பீர்களாம். விராலிமலையில் எவன் மகனுக்கு இந்தத் துணிச்சல் வரும் என்று நினைத்தேன். அந்தப் பெருமை கால் மணி நேரம் நின்றது. அப்புறம் உன் போன் கீ கீயென்று கத்தியது. ஆறு டயரிலும் ஏதோ மாட்டியிருக்கிறாயாம், காற்று எவ்வளவு என்று போனிலேயே தெரியுமாம். "பின் டயரு நூத்தி நாப்பதத் தாண்டிருச்சுப்பா. வெயிலு. கொஞ்சம் எறக்கி விட்டுர்றேன், இல்லேன்னா வெடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே வால்வு மூடியைத் திருகக் குனிந்தாய்.

நான் படியிறங்கி வந்தது எனக்கு நினைவில்லை. உன் கையை அடித்ததும், மூடி தெறித்துச் சாக்கடையில் விழுந்ததும்தான் நினைவிருக்கிறது. நீ நிமிர்ந்து என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாய். ஏன் என்று கேட்டாய். நான் சாக்கடையில் மூடியைத் தேடினேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில் நீதான் சொன்னாய்: "ஒரு டயருக்கா இந்தப் பயம்? டயரால எவன் வண்டியும் கவுறாதுப்பா. மாமா மாதிரி தூங்கிக்கிட்டே ஓட்டுனாத்தான் கவுறும்." மருமகள் போட்டுவைத்த சோறு இலையில் இருக்க, வண்டியைக் கிளப்பிக்கொண்டு திருச்சிக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம். உன் மாமா தூங்கவில்லை, தம்பி. உன் அம்மாவின் ஒரே தம்பி, கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு யாரோடும் அதிகம் ஒட்டாமல் இருக்கிற உன் தாய்மாமன், அன்றைக்குக் கண்ணை மூடவே இல்லை. முப்பத்தொரு வருடமாக ஊர் சொல்வதும், நீ சொல்வதும், அவரே தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருப்பதும் பொய். அந்த வேனைக் கவிழ்த்தது நான்.

எழுதிவிட்டேன். ஆனால் முதலில் டயரைப் பற்றி எழுதிவிடுகிறேன். பாதியில் கோபம் வந்து நீ இதைக் கிழித்துப் போட்டாலும் அது உன் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். உன் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன். இனியாவின் ஜன்னலுக்கு ஒன்று என்றால் தாங்கமாட்டேன்.

ஓடி வந்த டயரில் காற்று ஏறித்தான் காட்டும். ஓட்டத்தில் டயர் சூடாகும், சூட்டில் காற்று விரியும், காற்று அளக்கிற கேஜில் பத்து பதினைந்து பவுண்டு கூடும். அது டயர் செய்தவனுக்குத் தெரியும், அதற்கு இடம்விட்டுத்தான் செய்திருப்பான். அந்த நேரத்தில் நீ குறைத்தால், வண்டி ஆறியதும் உள்ளே இருக்க வேண்டியதில் அவ்வளவு இருக்காது. அப்புறம் பாரம் ஏற்றி ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்திப் பார், எங்கே சுடுகிறது என்று தெரியும். வெயிலில் வெடிக்கிற டயரில் பாதிக்கு மேல் காற்று கூடி வெடிப்பதல்ல, குறைந்து வெடிப்பது. ஆனால் நம் ஊர் ரோட்டில், கத்திரி வெயில் பிறந்துவிட்டால் எல்லா டிரைவரும், என்னைப் போன்ற எல்லாக் கடைக்காரனும், "அஞ்சு பவுண்டு கம்மியா வையி" என்பதை வேதமாகச் சொல்வோம். அந்த வேதத்தை ஒழி.

இரண்டாவது. நீ ஆறு டயரிலும் ஒரே அளவு வைத்திருக்கிறாய். கேட்டதற்கு, டயர் மேலேயே போட்டிருக்கு என்றாய். அங்கே போட்டிருப்பது அந்தச் சாதி டயர் சுமக்கிற உச்ச பாரத்துக்கு வேண்டிய காற்று. உன் வண்டி எங்கே எவ்வளவு சுமக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? உன் போனும் காற்றைத்தான் சொல்லும், பாரத்தைச் சொல்லாது. நீ வந்து நின்றபோதே பார்த்தேன், வண்டி இடது பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம், பேட்டரி அந்தப் பக்கம், கிரானைட் மேடையும் அந்தப் பக்கம். கட்டியவனுக்கு வயர் இழுக்கவும் குழாய் இழுக்கவும் வசதி, டயருக்கு வாதை. அதனால் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொள். தண்ணீர், டீசல், கேஸ் எல்லாம் நிரப்பிக்கொள். நீ, மருமகள், இனியா, அவள் சைக்கிள் உட்பட ஏறிக்கொண்டு வியாழக்கிழமை நாற்கர சாலையில் இருக்கிற எடைமேடைக்குப் போ. முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை. பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஓர் எடை. அப்புறம் ஒரு பக்கத்துச் சக்கரங்களை மட்டும் மேடையின் ஓரத்தில் ஏற்றி, இதையே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் போடு. மேடைக்காரர் முகம் சுளிப்பார், ஒரு டீ வாங்கிக் கொடு. முன்னால் இரண்டு பக்கத்தில் எது கனமோ, அதற்கு எவ்வளவு காற்று என்று டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, முன் டயர் இரண்டுக்கும் அதே அளவு. பின்னால் எது கனமோ, அதற்கான அளவை நான்குக்கும் வை. உன் வண்டிக்கு என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியாது. பார்த்த உடனே தெரியும் என்று சொல்கிற எவனையும் நம்பாதே, உன் அப்பனையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, காலையில் வை. வண்டி இரவெல்லாம் நின்று ஆறியிருக்க வேண்டும், வெயில் ஒரு பக்கம் அடிக்க ஆரம்பித்திருக்கக் கூடாது. பின்னால் இருக்கிற ஜோடி டயரில் உள்டயரை மறக்காதே. குனிய முடியாது, கை எட்டாது என்று வெளிடயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்டயர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், வெளிடயர் இருவர் வேலையைச் செய்து செத்துப்போகும். வெளியில் நிற்பவன் மேல்தான் அப்புறம் பழி விழும்.

சரி. இப்போது மற்றது.

உனக்கு அப்போது மூன்று வயது. அறந்தாங்கிப் பக்கம் நம் குலதெய்வக் கோயிலில் உனக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக ஏற்பாடு. வைகாசி மாசம். உன்னை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவர் உன் மாமா. அவர் அப்போது கந்தர்வக்கோட்டையில் ஒருவரிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் கேட்டு அந்த வேனையே கொண்டுவந்தார். முந்தின நாள் ஒரு கல்யாண ட்ரிப், விடிந்ததும் அங்கிருந்து கிளம்பி விராலிமலைக்கு வந்து சேர ஒன்பது மணி. உன் அம்மா அவருக்கு இட்லி வைத்தாள். சாப்பிடும்போது அவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். அந்த இரண்டு கொட்டாவியை நினைவில் வை.

அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வேன் நம் கடை முன்னால் வெயிலில் நின்றது. சொந்தக்காரர்கள் பதினெட்டு பேர், இரண்டு கிடா, அரிசி மூட்டை, விறகு, அண்டா குண்டா எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. நான் புது வேட்டி கட்டியிருந்தேன். அத்தனை பேர் பார்க்க, கடைக்காரன் தோரணையில் கேஜை எடுத்துக்கொண்டு போய் டயரைப் பார்த்தேன். ஓடி வந்த வண்டி, ஏறித்தான் காட்டியது. "அடேங்கப்பா, இந்தக் காத்தோட போனா வெடிச்சிரும்" என்று சத்தமாகச் சொன்னேன். என் பெரியப்பா மகன், "நீ இருக்கும்போது எங்களுக்கு என்னப்பா பயம்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. குனிந்தேன், வால்வை அமுக்கினேன், புஸ்ஸென்று விட்டேன். பின் டயர்களில் பதினைந்து பவுண்டுக்கு மேல் இறக்கியிருப்பேன். மாமாவிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. காற்று என் வேலை, ஸ்டீயரிங் அவர் வேலை.

புதுக்கோட்டை தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் உன் மாமாவின் கண் எனக்குத் தெரிந்தது. திறந்திருந்தது, தம்பி. உன்னைப் பார்த்து ஏதோ முகம் காட்டிச் சிரித்துவிட்டு ரோட்டைப் பார்த்தது. அப்புறம்தான் படார் என்று சத்தம். சத்தத்துக்குப் பிறகுதான் வண்டி இடது பக்கம் இழுத்தது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கினார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு கல்லில் மோதி, கண்மாய்ச் சரிவில் சாய்ந்து விழுந்தது. நீ உன் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தாய், உனக்கு ஒரு கீறல் இல்லை. உன்னைக் காப்பாற்றக் காலை ஊன்றிக்கொண்டதில் அவள் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நீ பிறந்ததிலிருந்து அவள் நொண்டித்தான் நடந்தாள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தாய். இல்லை. மூன்று வருடம் உன்னைத் தூக்கிக்கொண்டு மலைப்படி ஏறியிருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் வேன் முதலாளி வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் கொட்டாவியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு பேருக்கும் அந்த இரண்டு கொட்டாவி நன்றாக நினைவிருந்தது. உன் மாமா நெற்றியில் ரத்தத்தோடு நின்றுகொண்டு, "நான் தூங்கலண்ணே. டயரு வெடிச்சுச்சு. சத்தம் கேட்டுச்சு, அதுக்கு அப்பறந்தான் வண்டி இழுத்துச்சு" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்க டயரு ஆளு. பாத்துச் சொல்லுங்க. வெடிச்சதா, கல்லுல மோதிக் கிழிஞ்சதா?"

நான் போய்ப் பார்த்தேன். எல்லாரும் என் பின்னாலேயே வந்தார்கள். கிழிந்த டயருக்குள் கையை விட்டேன். பக்கச் சுவரின் உள்பக்கம் சுற்றிலும் வெந்திருந்தது. ரப்பர் கறுப்புப் பொடியாகி என் விரலில் ஒட்டியது. காற்றில்லாமல் மடங்கி மடங்கி ஓடிய டயரில் மட்டும்தான் அந்தப் பொடி வரும். அந்தக் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, விரலைப் புது வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "கல்லுல மோதித்தான் கிழிஞ்சிருக்கு."

பயந்துவிட்டேன். வேறு காரணமெல்லாம் பிற்பாடு நானே ஜோடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற உன் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது, ஊரில் எவன் இனி என் கடையில் வண்டியை நிறுத்துவான் என்று பயந்தேன். உன் மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "அப்படியா மச்சான்?" என்றார். "நான் சத்தம் கேட்டேனே." நான் சொன்னேன், "மோதும்போது கேட்ட சத்தமா இருக்கும் மாப்ள. ஒனக்கு அசதி." முதலாளி அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. முந்திரிக்காட்டுக்குக் கூலிக்குப் போனார். உனக்கு அடுத்த வருடம் காது குத்தினோம், உன் சித்தப்பா மடியில். உன் அம்மா தன் தம்பியோடு பதினோரு வருடம் பேசவில்லை. என்னைத்தான் எல்லாரும் பெரிய மனுஷன் என்றார்கள். ஏனென்றால் நான் அவரிடம் பேசினேன், தம்பி. தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் வைத்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மச்சான், நெசமாவே நான் கண்ணசந்துட்டேனா? எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா நீங்க எல்லாரும் சொல்றீங்க." நான் தோளில் தட்டி, "விடு மாப்ள, போனது போகட்டும்" என்றேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அவர் அழுதார். நான் திருடியதிலேயே பெரிய திருட்டு அதுதான்.

உன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் பூச்சோடித்த கார் வெயிலில் நின்றது. பூ வாடுகிறதே என்று உன் மாமா அதை நிழலுக்கு நகர்த்த ஏறி உட்கார்ந்தார். எத்தனை வருடத்துக்குப் பிறகு உட்கார்ந்தாரோ. நீ பெண் வீட்டார் முன்னால் போய், "மாமா, எறங்குங்க. நீங்க ஓட்ட வேணாம்" என்றாய். "சரிப்பா" என்று சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நான் இரண்டடி தள்ளி நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வேட்டி நன்றாகத்தான் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் உன் அம்மா போனபோது, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தெருமுனையிலேயே நின்றார். கொண்டுவரலாமா என்று ஆள் விட்டுக் கேட்டார். நான்தான், "வரச் சொல்லுங்க, ரத்த சம்பந்தம் விட்டுப் போகுமா" என்றேன். அன்றும் நாலு பேர் என்னைப் புகழ்ந்தார்கள். உன் அம்மா உண்மை தெரியாமலே போனாள். அவளிடம் சொல்ல எனக்கு இருபத்தேழு வருடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ வால்வில் கை வைத்தபோது, நான் பார்த்தது உன் கையை அல்ல. அதே குனிவு, அதே கத்திரி வெயில், அதே பேச்சு. இதை நான் மறைத்து வைத்ததால்தான் உனக்கு அது தெரியாமல் போனது. டயரால் எவன் வண்டியும் கவிழாது என்ற பாடத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், நம் வீட்டில் தவழ்கிற பிள்ளைக்குக்கூடச் சூடான டயரைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

நேற்று, திங்கட்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்துக் கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். உன் மாமா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கொட்டை எண்ணெயில் கறுத்திருந்தது. "வாங்க மச்சான், இங்கிட்டு நெழல்ல உக்காருங்க" என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கேஜ், வால்வு, பதினைந்து பவுண்டு, கறுப்புப் பொடி, கல்லில் மோதிக் கிழிந்தது என்று நான் சொன்ன பொய், எல்லாம். அவர் உடைப்பதை நிறுத்தவில்லை. நான்கைந்து கொட்டை உடைத்தார். பிறகு கேட்டார்.

"சத்தம் முன்னாடியே கேட்டுச்சுல்ல?"

"ஆமா மாப்ள."

"வண்டி இழுக்குறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். அவர் கல்லைக் கீழே வைத்தார். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். எழுந்து காட்டுக்குள் நடந்து போனார். நான் வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். "நீங்க கெளம்புங்கண்ணே. அவுக இப்ப வர மாட்டாக" என்றாள். தண்ணீரைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறினேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற அந்த வாட்ஸப் குழுவில், தினம் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிற அதே இடத்தில் போடப் போகிறேன். அன்று வேனில் இருந்தவர்களில் பன்னிரண்டு பேர் இன்னும் அதில் இருக்கிறார்கள். பொய்யை எல்லார் முன்னாலும் சொன்னேன். உண்மையை மட்டும் உன் காதில் ஓதினால் அது நியாயமாகாது. நீ தலைகுனிய நேரிடும், எனக்குத் தெரியும். அதற்காக வருந்துகிறேன். ஆனாலும் போடுவேன்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தேன். பேனாவை மூடும்போது போன் அடித்தது. உன் மாமா. வணக்கமும் இல்லை, மச்சானும் இல்லை.

"தம்பி வண்டி எப்பக் கெளம்புது?"

"வெள்ளிக்கெழம காலையில."

"எடை போட்டாச்சா?"

"வியாழக்கெழம போடச் சொல்லி எழுதியிருக்கேன். காலையில நான் காத்துப் பாத்து..."

"நீங்க பாக்க வேணாம்" என்றார். "நான் வாரேன். வந்து நான் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டார்.

அதனால் வியாழன் சாயங்காலம் எடைச் சீட்டோடு வா. வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்து, காலை வெயில் அங்கே தாமதமாகத்தான் வரும். உன் மாமா வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். கேஜைத் துடைத்து வாசல் ஜன்னலில் வைத்திருக்கிறேன். அதை எடுத்து உன் கையாலேயே அவரிடம் கொடு. அவர் ஆறு டயரையும் பார்த்து முடித்த பிறகு சாவியையும் கொடு. நெடுஞ்சாலை வரைக்குமாவது அவர் ஓட்டட்டும். இனியா அவர் பக்கத்தில் உட்காரட்டும்.

நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

அப்பா